டூங்காபி வீட்டுக்கு 2,547 டாலர் பிரீமியமா? பிரிச்சு பாப்போம்

கேள்வி சுருக்கமா இதுதான். சிட்னி மேற்குல டூங்காபில 1970கள்ல கட்டின மூணு பெட்ரூம் பிரிக் வீடு, 1.35 மில்லியனுக்கு வாங்கினது. பில்டிங்குக்கு 5 லட்சத்து 20 ஆயிரம், உள்ள இருக்கற சாமானுக்கு 80 ஆயிரம்னு ஹோம் அண்ட் கன்டென்ட்ஸ் பாலிசி. போன வருஷம் 1,980 டாலர், இந்த வருஷ ரினியூவல் 2,547. ஒரு கிளைம்கூட போட்டதில்ல. ரெண்டு தெரு தள்ளி கிரீக் ஓடுது. "1.35 மில்லியன் வீட்டுக்கு அஞ்சேகால் லட்சம் போட்டது தப்பா, இல்ல அதையும் சாமான் தொகையையும் கொறச்சா பிரீமியம் கொறையுமா, இவங்க ஏமாத்துறாங்களா"னு தம்பி கேக்கறார்.

நான் இங்க பல வருஷம் ஒரு கிளைம்ஸ் டீம்ல வேல பாத்தவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், டீ போட்டுட்டு வந்து படிங்க.

முதல்ல அந்த 2,547ஐ ஒடச்சு பாருங்க. ரினியூவல் பேப்பர்ல சின்ன எழுத்துல ஒரு டேபிள் இருக்கும், யாரும் பாக்கறதில்ல. நியூ சவுத் வேல்ஸ்ல பேஸ் பிரீமியத்துக்கு மேல எமர்ஜென்சி சர்வீசஸ் லெவினு ஒண்ணு ஏறும், தீயணைப்பு, எஸ்இஎஸ் (வெள்ளம், புயல்னா உதவிக்கு வர்ற அரசு மீட்புப் படை) செலவுக்காக அரசாங்கம் இன்சூரன்ஸ் கம்பெனிங்க கிட்ட வசூல் பண்றத அவங்க அப்படியே நம்ம தலைல கட்டிடறாங்க. கம்பெனிக்கு கம்பெனி மாறும், கணக்குக்கு 18 சதவீதம்னு வச்சுக்குவோம். அதுக்கு மேல 10 சதவீதம் ஜிஎஸ்டி. லெவி, ஜிஎஸ்டி எல்லாம் சேத்து வந்த தொகைக்கு மேல இன்னொரு 9 சதவீதம் ஸ்டாம்ப் டியூட்டி. வரிக்கு மேல வரி, அதுக்கு மேல இன்னொரு வரி. 1,800 டாலர் பேஸ்னு எடுங்க: லெவி 324 சேந்தா 2,124, ஜிஎஸ்டி சேந்தா 2,336, ஸ்டாம்ப் டியூட்டி சேந்தா 2,547. ஆக கிட்டத்தட்ட 750 டாலர் கம்பெனி பக்கமே போகல.

மெல்போர்ன்ல இருக்கற மச்சான் கிட்ட கேட்டுட்டு "அவனுக்கு கம்மியா வருதே"னு பொலம்பாதீங்க. விக்டோரியால 2013 ஜூலைலயே இந்த லெவிய பிரீமியத்துலேந்து எடுத்து கவுன்சில் ரேட்ஸ் பில்லுக்கு மாத்திட்டாங்க, அவன் அத வேற கவர்ல கட்டிட்டு இருக்கான். கேன்பராவுல 2016லேந்து இன்சூரன்ஸுக்கு ஸ்டாம்ப் டியூட்டியே கெடையாது. நம்ம ஸ்டேட்ல 2017ல இந்த லெவிய எடுக்கறதா சட்டமே போட்டாங்க, அமலுக்கு வர ஒரு மாசம் இருக்கறப்ப பின்வாங்கிட்டாங்க. இன்சூரன்ஸ் எடுக்காதவன் வீடு பத்தினாலும் அதே வண்டிதான் வரும், காசு மட்டும் எடுத்தவன் குடுக்கணும்ங்கறது எனக்கு இன்னிக்கும் ஜீரணமாகாத விஷயம். சரி, அத விடுங்க, உங்களால மாத்த முடியாதது அது.

இப்ப 1.35 மில்லியன் விஷயத்துக்கு வரேன், இதுலதான் நம்ம ஆளுங்க பாதிப்பேர் கொழம்பறாங்க. நீங்க குடுத்த காசுல பெரும்பங்கு நிலத்துக்கு. வீடு எரிஞ்சு தரைமட்டம் ஆனாலும் நிலம் அங்கயேதான் கெடக்கும், அத யாரும் திரும்ப வாங்கித் தர வேண்டாம். அதனால பில்டிங் தொகைனா அதே வீட்ட இன்னிக்கு விலைல, இன்னிக்கு சட்டப்படி, காலி மனைலேந்து திரும்பக் கட்ட என்ன ஆகும்ங்கறது மட்டும்தான். 1.35 போட்டா தேவையில்லாம பிரீமியம் கட்டுவீங்க, ஏன்னா கட்ட ஆகற செலவுக்கு மேல ஒரு டாலர்கூட தரமாட்டாங்க. அந்த வகைல நீங்க கம்மியா போட்டது தப்பில்ல. ஆனா 5 லட்சத்து 20 ஆயிரம் போதுமாங்கறது வேற கேள்வி, எனக்கு அது போதாதுன்னுதான் தோணுது.

ஏன்னு சொல்றேன். உதாரணத்துக்கு மட்டும், சதுர மீட்டருக்கு 3,000 டாலர் ஆகுதுன்னு வைங்க, கராஜோட சேத்து 180 சதுர மீட்டர் வீடுன்னா 5 லட்சத்து 40 ஆயிரம், இது வீடு மட்டும். எரிஞ்சத இடிச்சு அள்ளணும், அதுக்கு ஒரு 40 ஆயிரம் வைங்க. 70கள் வீடுன்னா ஈவ்ஸ் (சுவத்துக்கு வெளில நீட்டிட்டு இருக்கற கூரை ஓரம்) அடில, பாத்ரூம் சுவத்துல ஃபைப்ரோங்கற சிமெண்ட் ஷீட் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, அதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். இந்த நாட்டுல அத முழுசா தடை பண்ணதே 2003 டிசம்பர் 31ல தான். எரிஞ்சு கெடக்கறத லைசன்ஸ் வச்சிருக்கறவன்தான் எடுக்கணும், சாதா குப்பையோட போட முடியாது, அதுக்கு தனி ரேட். அப்புறம் பிளான் வரையறவர், இன்ஜினியர், கவுன்சில் ஃபீஸ்னு இன்னொரு 45 ஆயிரம். கூட்டினா 6 லட்சத்து 25 ஆயிரம். வேலி, டிரைவ்வே, பின்னாடி போட்டிருக்கற பெர்கோலா, கூரை மேல இருக்கற சோலார் இதெல்லாம் நான் இன்னும் சேக்கவே இல்ல. சில பாலிசில இடிச்சு அள்ளற செலவு பில்டிங் தொகைக்கு மேல தனியா வரும், சிலதுல அதுக்குள்ளயே அடங்கிடும், பிடிஎஸ்ல (பாலிசியோட தர்ற விதிமுறை புத்தகம்) பாத்துக்குங்க. அடங்கிடும்னா உங்களுக்கு ஒரு லட்சத்துக்கு மேல துண்டு விழுது, அத எங்கேந்து கொண்டு வருவீங்க? பேங்க் லோன் பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும்.

இன்னொண்ணு, நம்மூர்ல செங்கல் வீடுன்னா செங்கல் வீடு. இங்க பிரிக் வெனீர்னா உள்ள முழுக்க மரச்சட்டம், வெளில ஒரு வரிசை செங்கல் போர்வ மாதிரி. "செங்கல் எப்படிங்க எரியும்"னு ஒரு பெரியவர் என்கிட்டயே கேட்டிருக்கார், எரியும் ஐயா, நல்லாவே எரியும். கேன்பராவுல 2003 காட்டுத்தீல வீடு போனவங்கள்ல ஏகப்பட்ட பேருக்கு திரும்பக் கட்ட காசு பத்தல, போட்ட தொகை அவ்வளவு கம்மி. அதுக்கப்புறம்தான் குறைவா இன்சூர் பண்றது எவ்வளவு பெரிய பிரச்சனன்னு எல்லாரும் பேச ஆரம்பிச்சாங்க.

அதனால பில்டிங் தொகைல மட்டும் கை வைக்காதீங்க, முடிஞ்சா ஏத்துங்க. தொகைய 20 சதவீதம் ஏத்தினா பிரீமியம் 20 சதவீதம் ஏறாது, ஏன்னா பெரும்பாலான கிளைம் வீட்டுல ஏதோ ஒரு பகுதிக்கு வர்ற சேதத்துக்குத்தான், முழு வீடும் போறது அபூர்வம். ஆன்லைன் கோட்ல (பிரீமியம் எவ்வளவுன்னு கம்பெனி சொல்ற விலை) தொகைய மட்டும் மாத்தி மாத்தி போட்டு பாருங்க, எவ்வளவு கொஞ்சமா நகருதுன்னு உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும். சில கம்பெனி தொகைக்கு மேல 25, 30 சதவீதம் சேஃப்டி நெட்னு தருவாங்க, சில பேர் தொகையே இல்லாம முழுசா கட்டித் தரேன்னும் தருவாங்க, வெல கூட. சேஃப்டி நெட் இருக்கறது எனக்குப் பிடிச்சது.

சரி, ஒரே வருஷத்துல 1,980 எப்படி 2,547 ஆச்சு? மூணு நாலு காரணம் சேந்து வருது. ஒண்ணு, உங்கள கேக்காமயே வருஷா வருஷம் அவங்களே பில்டிங் தொகைய கொஞ்சம் ஏத்துவாங்க, பழைய பேப்பரையும் புதுசையும் பக்கத்துல வச்சு பாருங்க. ரெண்டு, கோவிட் சமயத்துலேந்து மரம், ஆள் கூலி எல்லாம் எகிறிப் போச்சு. மூணு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கே இன்சூரன்ஸ் உண்டு, ரீஇன்சூரன்ஸ்னு பேரு, உலகத்துல எங்க புயல் அடிச்சாலும் அந்த ரேட் ஏறும். 2022 பிப்ரவரி மார்ச்ல லிஸ்மோர்லேந்து பிரிஸ்பேன் வரைக்கும் மூழ்கினப்ப கிளைம் மட்டும் ஆறு பில்லியன் டாலர் பக்கம் போச்சு, நம்ம பக்கம் ஹாக்ஸ்பரி ஆறு 2021 மார்ச்ல ஒரு தடவ, 2022 மார்ச்ல ஒரு தடவ, ஜூலைல இன்னொரு தடவன்னு வின்ட்சர் பாலத்த மூழ்கடிச்சுச்சு. அதுக்கு முன்னாடி சிட்னிக்காரங்களுக்கு பெரிய பயம் ஆலங்கட்டி மழைதான், 1999 ஏப்ரல் 14ல கிழக்கு பக்கம் கிரிக்கெட் பால விட பெரிய கட்டிங்க விழுந்து ஓடெல்லாம் நொறுங்கி, மாசக்கணக்குல நீல தார்ப்பாய் போட்டே கெடந்துச்சு அந்த ஏரியா.

நாலாவது காரணம் உங்க கிரீக். இப்பல்லாம் சபர்பு பாத்து விலை போடறதில்ல, ஒவ்வொரு அட்ரஸுக்கும் தனித்தனி. ஒரே தெருல மேட்டுல இருக்கற வீட்டுக்கும் பள்ளத்துல இருக்கற வீட்டுக்கும் ஆயிரக்கணக்குல வித்தியாசம் வரலாம். அதனால பெண்டில் ஹில்ல இருக்கற ஃப்ரெண்டு பிரீமியத்தோட உங்களுத ஒப்பிட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல.

வெள்ளம்ங்கற வார்த்தைய கவனமா பாருங்க. 2011 குயின்ஸ்லாந்து வெள்ளத்துக்கு அப்புறம் "இது வெள்ளம், இது மழைத்தண்ணி"னு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அர்த்தம் சொல்லி ஜனங்கள அலையவிட்டதால, எல்லாருக்கும் ஒரே விளக்கம்னு சட்டத்துலயே போட்டாங்க. கிரீக், ஆறு, ஏரி, அணைன்னு அதோட இயல்பான எல்லைய தாண்டி வர்ற தண்ணி வழக்கமா காஞ்சு கெடக்கற நிலத்த மூடினா அது ஃப்ளட். வானத்துலேந்து விழுந்து, கிரீக்க போய் சேர்றதுக்கு முன்னாடியே உங்க வீட்டுக்குள்ள வந்தா அது ஸ்டார்ம் கணக்கு. ரெண்டும் தரைய ஊற வைக்கறது ஒரே மாதிரிதான், ஆனா ஃப்ளட் கவர் இல்லாத பாலிசினா மொதல் வகைக்கு சல்லிக்காசு வராது. சில கம்பெனி ஃப்ளட்ட எடுத்துடலாம்னு ஆப்ஷன் தருவாங்க, எடுத்தா பிரீமியம் நல்லாவே எறங்கும், ஆசையாத்தான் இருக்கும். கிரீக் ரெண்டு தெருவுல இருக்கறப்ப அந்த டிக்க எடுக்காதீங்க.

அதுக்கு பதிலா இத பண்ணுங்க. வீடு வாங்கினப்ப கான்ட்ராக்ட்ல 10.7 சர்டிஃபிகேட்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க, அத தேடி எடுங்க, அந்த மனைக்கு வெள்ளம் சம்பந்தமான கட்டுப்பாடு இருக்கான்னு அதுல இருக்கும். கவுன்சிலோட ஃப்ளட் மேப்பையும் பாருங்க, நூத்துல ஒண்ணுன்னு சொல்ற வெள்ளம் (எந்த ஒரு வருஷத்துலயும் வர நூத்துல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கறது) எதுவரைக்கும் வருதுன்னு போட்டிருக்கும். உங்க வீடு அந்தக் கோட்டுக்கு வெளில, தரைமட்டம் ஒசரத்துலன்னா, அந்தப் பேப்பர கம்பெனிக்கு அனுப்பி ரிஸ்க்க திரும்ப பாக்கச் சொல்லுங்க. அவங்க டேட்டா தப்பா இருந்து பிரீமியம் எறங்கினத நான் பாத்திருக்கேன். எல்லாருக்கும் நடக்காது, கேக்கறதுக்கு காசு இல்லயே.

இப்ப கன்டென்ட்ஸ். 80 ஆயிரத்த கொறைக்கலாமான்னு கேக்கறீங்க. ஒரு சனிக்கிழமை ஃபோன எடுத்துட்டு ஒவ்வொரு ரூமா வீடியோ எடுத்துட்டே போங்க, அலமாரிய தொறந்து காட்டி. அப்புறம் உக்காந்து கூட்டிப் பாருங்க. சோஃபா, டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாருக்கும் ஞாபகம் வரும். வீட்டம்மாவோட பீரோவ தொறங்க. நாப்பது பட்டுப்புடவை, ஒண்ணு 400 டாலர்னு வச்சாலே 16 ஆயிரம். பித்தள குத்துவிளக்கு, வெள்ளிச் சாமான், கோயமுத்தூர்லேந்து தூக்கிட்டு வந்த கிரைண்டர், கொழந்த வயலின், கர்ட்டன், ஃப்ளோர் ரக், கராஜ்ல லான்மோவர். எல்லாத்தையும் கடைல புதுசா வாங்கற விலைல கூட்டணும், ஏன்னா பெரும்பாலான பாலிசி பழசுக்கு புதுசு தர்றதுதான். நாலு பேர் இருக்கற நம்ம வீட்டுல 80 ஆயிரம் பத்தறதே கஷ்டம்.

நகை தனிக் கதை. கன்டென்ட்ஸ்ல 80 ஆயிரம் போட்டிருக்கேன், நகையும் அதுல வந்துடும்னு நெனைக்காதவங்க கம்மி. நகைக்கு உள்ளயே ஒரு லிமிட் இருக்கும், ஒரு பீஸுக்கு இவ்வளவு, மொத்தமா இவ்வளவுன்னு, பெரும்பாலும் சில ஆயிரம் டாலரோட நின்னுடும். ஒரு குடும்பம், ராத்திரி கல்யாண ரிசப்ஷனுக்கு போயிட்டு வந்து பாத்தா பெட்ரூம் ஜன்னல் தொறந்து கெடக்கு, முப்பது சவரனுக்கு மேல போச்சு. லிஸ்ட்ல தனியா எதுவும் எழுதல. லிமிட் வரைக்கும் குடுத்தாங்க, அவ்வளவுதான். அந்த லிமிட்டுக்கே ஆதாரம் கேட்டப்ப ஊர் நகைக்கடை பில் எதுவும் இல்ல, கடைசில அவங்க கல்யாண ஆல்பத்துல கழுத்துல கெடந்த ஆரத்த ஜூம் பண்ணி காட்டித்தான் வேல நடந்துச்சு. அதனால பெரிய பீஸ வேல்யூவேஷன் வாங்கி தனியா லிஸ்ட்ல போடுங்க, தங்க விலை ஏறும்போது வேல்யூவேஷன புதுப்பிங்க, இல்லாட்டி லாக்கர் மாதிரி எங்கயாவது வைங்க. லிஸ்ட்ல போட்டா பிரீமியம் ஏறும், கழுத்துல போட்டுட்டு வெளில போறதுக்கும் கவர் வேணும்னா இன்னும் ஏறும். லாக்கர் வாடகையோட ஒப்பிட்டு பாத்து முடிவு பண்ணுங்க, தினம் போடாத நகைக்கு எனக்கு லாக்கர்தான் சரின்னு படுது.

அப்ப எங்கதான் கொறைக்கறது? எக்ஸஸ்ல, அதாவது ஒவ்வொரு கிளைம்லயும் நீங்க கைலேந்து போடற பங்குல. 500 எக்ஸஸ் வச்சிருந்தா 1,000, 2,000னு மாத்தி கோட் பாருங்க. சின்ன கிளைம் போடறது எப்படியும் நல்லதில்ல, 700 டாலர் மைக்ரோவேவுக்கு கிளைம் போட்டு ரெக்கார்டுல ஏத்திக்கறதுல என்ன லாபம். கையில 2,000 டாலர் ஆத்திரம் அவசரத்துக்கு இருக்கறவருன்னா எக்ஸஸ ஏத்துங்க, இல்லாதவரு ஏத்தாதீங்க. ஆக்ஸிடெண்டல் டேமேஜ்னு ஒரு ஆப்ஷன், பையன் பால் அடிச்சு டிவி ஒடஞ்சா தருவாங்க, சின்னப் பசங்க இல்லாத வீட்டுல தேவையான்னு யோசிங்க. மாசா மாசம் கட்டினா சில கம்பெனில கூட வாங்குவாங்க. அலாரம், டெட்லாக்குக்கு தள்ளுபடி உண்டு, பெருசா எதிர்பாக்காதீங்க.

பெரிய தள்ளுபடி ஃபோன்ல இருக்கு. அதே கம்பெனி வெப்சைட்ல புதுசா வர்ற ஆள் மாதிரி உங்க அட்ரஸ போட்டு கோட் எடுங்க. ரினியூவல விட கம்மியா வந்தா ஃபோன் போட்டு "புது ஆளுக்கு இந்த விலை, பழைய ஆளுக்கு ஏன் இந்த விலை"ன்னு கேளுங்க. பல வருஷமா அசையாம ஒரே எடத்துல கட்டறவங்க கிட்ட கூட வாங்கறது இந்த ஊர்ல தெரிஞ்ச விஷயம்தான், நீங்க கேட்டதுல ஏமாத்து வேலன்னு சொல்லணும்னா இத மட்டும்தான் சொல்லுவேன். வேற எடத்துலயும் மூணு கோட் எடுங்க, ஆனா இன்சூரன்ஸ் விக்கற ஆமியும் (AAMI) ஜிஐஓவும் வேற வேற போர்டு, ரெண்டுக்கும் முதலாளி சன்கார்ப்புதான், என்ஆர்எம்ஏ இன்சூரன்ஸ் ஐஏஜிங்கற இன்னொரு பெரிய கம்பெனியோடது. ஒப்பிட்டுக் காட்டற வெப்சைட்டுங்கள்ல பெரிய பேர் பல இருக்காது, நேரா போய் பாருங்க. ஒரே தொகை, ஒரே எக்ஸஸ், ஃப்ளட் உண்டுன்னு வச்சு ஒப்பிடுங்க, இல்லாட்டி வாழைப்பழத்தையும் பலாவையும் எடை போட்ட கதையாயிடும்.

பிரீமியம் கட்டியும் கிளைம் நிக்காம போற விஷயம் ரெண்டு மூணு இருக்கு. டிசம்பர்ல ஊருக்கு போய் மார்ச்ல திரும்பறவங்க நம்மள்ல நிறைய. பல பாலிசில வீடு தொடர்ந்து 60 நாள் ஆள் இல்லாம கெடந்தா கவர் கொறையும், இல்ல எக்ஸஸ் ஏறும். போறதுக்கு முன்னாடி ஃபோன் போட்டு சொல்லிட்டு, பக்கத்து வீட்டு ஆள் யாரையாவது வந்து தங்கவோ பாக்கவோ ஏற்பாடு பண்ணுங்க, எது போதும்னு அவங்ககிட்டயே கேட்டுக்குங்க. பின்னாடி கிரானி ஃப்ளாட் (அதே மனைல இருக்கற சின்ன தனி வீடு) வாடகைக்கு விட்டிருந்தா, வீட்டுலேந்து கேட்டரிங், டியூஷன் பண்ணா, ரெனவேஷன் ஆரம்பிச்சா, எல்லாத்தையும் சொல்லணும். அப்புறம் ஷவர் டைல் இடுக்குல வருஷக்கணக்கா கசிஞ்சு சுவர் இத்துப் போறது, கூரை ஓரத்துல மழைத்தண்ணி ஓடற கட்டர்ல இலை அடைச்சு தண்ணி ஏறி சீலிங் எறங்கறது, இதெல்லாம் பராமரிப்புன்னு ஒதுக்கிடுவாங்க.

கிளைம மறுத்து, அது நியாயமில்லன்னு தோணினா மொதல்ல கம்பெனிக்கே எழுத்துல கம்ப்ளைண்ட் குடுங்க, 30 நாள்ல பதில் சொல்லணும். இல்லன்னா ஆஃப்கா (AFCA)ன்னு இன்சூரன்ஸ், பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கற ஒரு அமைப்பு 2018லேந்து இருக்கு, அங்க கம்ப்ளைண்ட் போட ஒரு பைசா செலவில்ல, கம்பெனி அவங்க முடிவுக்கு கட்டுப்பட்டாகணும், உங்களுக்கு பிடிக்கலன்னா நீங்க கட்டுப்பட வேண்டாம். வக்கீல் தேவையில்ல.

கடைசியா என் வீட்டு கதை ஒண்ணு. ஒரு சனிக்கிழமை ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்கு குடும்பத்தோட போயிட்டு, கேன்டீன்ல புளியோதரை வாங்கிட்டு சாயங்காலம் வந்து கதவ தொறந்தா கால் வைக்கற எடமெல்லாம் சதக் சதக்னு இருக்கு. கிச்சன் சிங்க் அடில ஃப்ளெக்ஸி ஹோஸ்னு ஒரு பின்னல் கம்பி போட்ட கொழாய் இருக்கும்ல, அது வெடிச்சு நாள் முழுக்க மெயின் பிரஷர்ல தண்ணி பீச்சியிருக்கு. லேமினேட் தரை முழுக்க ஊதி அப்பளம் மாதிரி நிக்குது. இன்சூரன்ஸ் தரையயும் கிச்சன் அலமாரியையும் குடுத்துச்சு, 1,000 எக்ஸஸ் போக. வெடிச்ச கொழாய்க்கு மட்டும் தரமாட்டாங்க, அது தேய்மானமாம். அதே கலர் லேமினேட் மார்க்கெட்ல இல்ல, நனையாத ரெண்டு பெட்ரூமுக்கு மாத்தித் தர மாட்டோம்னுட்டாங்க, இன்னிக்கும் என் வீட்டுல ஹால் ஒரு கலர், ரூம் ஒரு கலர். அந்த கொழாய் கடைல முப்பது டாலர்கூட இருக்காது.

உங்க வீடு 70கள்ல கட்டினது, கிச்சன முன்னாடி இருந்தவங்க எப்ப மாத்தினாங்களோ தெரியாது. ரினியூவல் தேதிக்கு இன்னும் நாள் இருக்கும், கோட் நாளைக்கு எடுக்கலாம். இன்னிக்கு ராத்திரி ஒரு டார்ச் எடுத்துட்டு சிங்க் அடில, டாய்லெட் பின்னாடி, வாஷ்பேசின் அடில குனிஞ்சு பாருங்க, அந்தப் பின்னல்ல எங்கயாவது துரு, பிரிஞ்ச நூல் மாதிரி கம்பி, முடிச்சு மாதிரி வீக்கம் தெரிஞ்சா மெயின் டேப்ப மூடிட்டு காலைல பிளம்பர கூப்பிடுங்க. மெயின் டேப் எங்க இருக்குன்னு வீட்டுல எல்லாருக்கும் காட்டி வைங்க, எங்க வீட்டுல அன்னிக்கு அத தேடவே பத்து நிமிஷம் ஆச்சு.